அலுமாரிக் கதவில் ஒட்டிய வருடங்கள்

நாம் பிள்ளைகளாக இருந்தபோது இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு மதிப்பில்லாமல் போன ஐந்தாறு வருடங்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வார விடுமுறை சந்திரனின் பின்னால் போய்விட்டது. பிறை மாறும் போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் ஓய்வு. ஒரு வாரம் ஏழு நாளில் முடியும், இன்னொன்று எட்டு நாள் இழுக்கும். அந்தக் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "அது ஒரு ஞாயிறு" என்று கை தானாக எழுதிவிடுகிறது. பிறகு அடித்துவிட்டுப் பழைய பஞ்சாங்கத்தைத் தேடுகிறேன். இந்தக் குறிப்பில் வரும் முக்கியமான நாட்கள் எல்லாமே போயா நாட்கள். எதற்கும் நான் வருடம் போடவில்லை. வருடம் போடுவதில் எனக்கு ஏற்பட்ட பயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வாடகை வீடு அம்பிட்டியா வீதியில், ஹேவாஹெட்ட பஸ் மூச்சு வாங்கி ஏறும் ஒரு வளைவுக்குச் சற்று மேலே இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சிங்கள ஸ்டேசன் மாஸ்டர். வடக்குப் பாதையில் நெடுங்காலம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். மனைவி இறந்த பின் குருணாகலில் மகனோடு போய் இருந்தார். வீட்டின் மூன்று அறைகளில் இரண்டைக் காலிசெய்து கொடுத்தார். மூன்றாவது, கல்யாணமாகிப் போய்விட்ட அவருடைய மகளின் அறை. அதைப் பொருட்களோடு அப்படியே விட்டிருந்தார். தேக்குக் கட்டில், பஞ்சு மெத்தை, உயரமான அலுமாரி, மூன்று கண்ணாடி பொருத்திய அலங்கார மேசை, அதற்கு முன்னால் மெத்தை தைத்த சின்ன ஸ்டூல்.

"பூட்டி வெச்சா கறையான் தின்னும். திறந்து வெச்சுப் பாவிங்க. ஆனா கவனமாப் பாவிங்க ஐயா," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு கண்டிக்கு வந்து, ஒரு மொத்தக் கடையில் எழுத்தராகி, பிரஜாவுரிமைப் பதிவும் வாங்கிவிட்டவர். பத்துப் பேர் ஓர் அறையில் படுத்து வளர்ந்த மனிதருக்கு, யாரும் படுக்காத ஓர் அறை தன் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை. அம்மா அதில் தையல் மெசினைப் போட வேண்டும் என்றார். நான் எனக்கு வேண்டும் என்றேன். அப்பா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.

"வீட்டுக்கு வந்த ஆளை, 'அந்த ரூம்ல தங்குங்க'ன்னு சொல்லணும். அதுக்குத்தான் வீடுன்னு ஒண்ணு."

"யாரு வாறா?" என்பார் அம்மா. "உங்க அண்ணன் வந்தாக்கூட அரிசிச் சாக்குப் பக்கத்துல பாயைப் போட்டுக்கிறாரு. அந்தக் கட்டிலைப் பார்த்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்துடுது."

உண்மைதான். இரண்டு வருடம் அந்தக் கட்டிலில் ஒருவரும் படுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தூசு தட்டுவார். கண்ணாடி மேசையின் லாச்சியைத் திறந்தால் பழைய முகப்பவுடரும் பூச்சி உருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். கல்யாணம் என்பது அந்த வாசனைதான் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பிறகு மனுக்காலம் வந்தது. இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் உடன்பாடு செய்து தோட்டத்து மக்களை இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்திருந்தன. யாருக்கு எது என்பதை ஒவ்வொரு குடும்பமும் மனுப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். மனுப் படிவமோ ஆங்கிலத்தில். தோட்டத்தில் அதை நிரப்பத் தெரிந்தவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். பெரியப்பா ஒருநாள் பஸ்ஸில் வந்து, "தம்பி, நீ எழுதிக் குடுத்தா நல்லாயிருக்கும், நம்ம சனம் எல்லாம் கேக்குது," என்றார். அப்பா அந்த அறையைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அது மனு அறை.

கண்ணாடி மேசைதான் எழுதும் மேசை. மைப்போத்தல், ஒற்றும் தாள், பின் ஊசிப் பெட்டி எல்லாம் அதன்மேல். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவார். பின்னால் தரையில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்காமலே கண்ணாடியில் பார்த்துக் கேள்வி கேட்பார். அவர்களும் கண்ணாடியில் தெரியும் அப்பாவிடமே பதில் சொல்வார்கள். சில பெண்கள் தங்கள் முழு உருவத்தை முதன்முறையாக அங்கேதான் பார்த்தார்கள். ஒரு கிழவி தன்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் எங்க அத்தை மாதிரியே ஆயிட்டேனே," என்று சிரித்தது நினைவிருக்கிறது. கட்டில் முழுக்கக் காகிதக் கட்டுகள். அப்பா மெத்தையின் மேல் செய்தித்தாள் விரித்து, தலைமாட்டில் ஒரு தோட்டம், கால்மாட்டில் இன்னொரு தோட்டம் என்று அடுக்கியிருந்தார். பவுடர் வாசனை போய்விட்டது. ஈரக் கம்பளி, விறகுப் புகை, வெற்றிலை, மழை. போயா நாள் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் அந்த வாசனை அறையை விட்டுப் போகாது.

ஒரு போயா நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேசன் மாஸ்டர் வந்து நின்றார். மகளின் அறையில் பதினைந்து பேர் தரையில். அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாரும் கீழ? கட்டில் கடிக்குமா?" என்றார்.

"கடிக்காதுங்க, ஆனா அதுல கடுதாசி எல்லாம் படுத்திருக்குங்களே," என்றார் பெரியப்பா.

அவர் சிரித்துவிட்டார். தேநீர் குடித்தார். போகும்போது அலுமாரிக் கதவில் தொங்கிய என் அட்டவணையின் முன் நின்று, "இது என்ன, டைம் டேபிளா?" என்று கேட்டார்.

ஒருவகையில் அதுதான். படிவத்தில் பிறந்த நாள், மாதம், வருடம் கேட்டிருந்தார்கள். தோட்டத்தில் யாருக்கும் வருடம் தெரியாது. "மேல் லயம் சரிஞ்ச வருஷம்", "தாடிக்காரத் தொரை போன வருஷம்", "ஸ்டோரு எரிஞ்ச வருஷம்" என்பார்கள். அப்பா இரண்டு பிரவுன் தாள்களை ஒட்டி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டு, இடப்பக்கம் சம்பவம், வலப்பக்கம் வருடம் என்று கோடு போட்டுக் கொடுத்தார். நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துவந்தால்தான் எழுத வேண்டும். அந்த வேலை எனக்கு. எனக்கு அப்போது பத்து வயது. யாராவது சம்பவத்தைச் சொன்னால் நான் அலுமாரியைப் பார்த்து உரக்க வருடத்தைச் சொல்வேன், அப்பா எழுதுவார். மாதம் பொங்கலா, தீபாவளியா, ஆடிப் பூசையா என்று கேட்டுப் போடுவோம். நாள் தெரியாதவர்களுக்கு அப்பா பதினைந்தாம் தேதி போட்டார். ஹேவாஹெட்ட மலைகளில் பாதிப் பேர் பதினைந்தாம் தேதி பிறந்தவர்களானது அப்படித்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையான வேலை பிறகு கிடைக்கவில்லை.

பெரியப்பா தன் மனுவைக் கடைசியாகத்தான் எழுதிக்கொண்டார். "ஊர் சனம் முடியட்டும், நம்ம வீட்டு வேலைதானே." மாசி மாதத்து வளர்பிறைப் போயா அன்று பெரியம்மாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்து வந்தார். மூத்தவளை நான் அக்கா என்பேன். நடக்கும்போது தலையைச் சாய்க்காமல் கழுத்தை நிமிர்த்தியே நடப்பாள். கூடைக் கயிறு தலையில் இருந்த பழக்கம். இளையவளுக்கு என் வயது. அவர்கள் இந்தியா என்று முடிவு செய்திருந்தார்கள். நீலகிரியில் பெரியம்மாவின் அண்ணன் இருந்தார்.

பதினெட்டு நிறைந்த பிள்ளை பெற்றோரின் மனுவில் சேராது, தனி மனுப் போட வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. அப்பா கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, "இவ எப்போ?" என்றார்.

"ஸ்டோரு எரிஞ்ச வருஷம், ஆடி மாசம்," என்றார் பெரியம்மா. "பச்சைப்பிள்ளை. இவளை மடியில வெச்சுக்கிட்டுத்தான் லயத்து வாசல்ல இருந்து தீயைப் பார்த்தேன்."

நான் வருடத்தைச் சொன்னேன். பதினாறரை வயது. அந்த வருடம் ஆறு பேர் சொல்லி உறுதியானது, அட்டவணையில் நான் சிவப்பு மையில் எழுதியிருந்த மூன்றில் ஒன்று.

அப்பா எழுதவில்லை. தோட்ட ஆபீஸ் கொடுத்த அத்தாட்சிக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். அதில் அக்காவுக்குப் பதினெட்டரை.

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அது வந்து தம்பி... சம்பளச் செக்ரோல்ல அரைப்பேரா, அரைச் சம்பளத்துல இருந்தா. முழு ஆளாப் பதியணும்னு கணக்கப்புள்ளைகிட்ட ரெண்டு வயசு கூட்டிச் சொன்னேன். எல்லாரும் சொல்றதுதானே."

"சொல்லிட்டீங்க. இப்ப முத்திரை வெச்சு எழுதிக் குடுத்துட்டாங்களே."

"நீ நெசத்தைப் போடு தம்பி. பெத்தவ சொல்றா இல்ல?"

"அண்ணே, மனுவுல ஒண்ணு, அத்தாட்சில ஒண்ணுன்னு இருந்தா மொத்த மனுவும் திரும்பி வந்துடும். போச்சுன்னா எல்லாருக்கும் சேர்த்துத்தான் போகும். பெத்தவ சொன்னதுக்கு முத்திரை இருக்கா?"

அடுப்படியிலிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்றார். "பொம்பளைப் பிள்ளைங்க. தனியாப் பிரிச்சு எழுதாதீங்க. என்னமோ மனசுக்குப் படல."

"மனசுக்குப் படுறதை எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "ரெண்டு மனுவும் ஒரே நாள்ல குடுக்குறோம். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். மிஞ்சிப்போனா ஒரு மாசம் முன்னப் பின்ன."

பிறகு என்னிடம் திரும்பி, "அட்டவணையில அந்த வருஷத்தை அடி. வேற யாரும் பார்த்துக் குழம்பிடக் கூடாது," என்றார்.

"அது சரியான வருஷம் அப்பா. ஆறு பேர் சொன்னாங்க."

"அடி."

அடித்தேன். சிவப்பு மையின் மேல் நீல மையால் இரண்டு கோடு. அப்பா தவறு செய்தார் என்று சொல்வது இன்று எனக்குச் சுலபம். ஆனால் அவர் சோம்பேறித்தனத்தாலோ அலட்சியத்தாலோ செய்யவில்லை. எவ்வளவோ மனுக்கள் சின்ன முரண்பாட்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தவர். அண்ணனின் மனு திரும்பிவரக் கூடாது என்ற பயத்தில் செய்தார். எழுத்துக்கு எழுத்து கவனமாக இருந்தார்.

பெரியப்பா குடும்பத்துக்குக் கடவுச்சீட்டு அடுத்த வருடக் கடைசியில் வந்தது. அக்காவினுடையது வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள், மூன்று மாதம் பார்த்தார்கள். போகவேண்டிய கெடு நெருங்கியது. தோட்டத்தில் கணக்கு முடித்து லயத்து அறையையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தகரப் பெட்டி விற்கும் முஸ்லிம் வியாபாரி மடவளை நானா அந்த நாட்களில் வீதி வீதியாக வருவார். பெரியம்மா இரண்டு பெட்டி எடுத்தார்.

"இந்தப் பொட்டி ராமேஸ்வரம் மட்டும் தாங்கும் தாத்தா. அங்கால நீங்கதான் தாங்கோணும்," என்றார் நானா; அக்காவைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம். பெரியம்மா சிரித்தபடியே, "இன்னொண்ணும் வேணும், சின்னதா," என்றார். அது அக்காவுக்கு.

கண்டி ஸ்டேசனில் நடந்ததை எழுதப்போவதில்லை. அந்த ரயில் கோச்சியின் அழுகையைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அக்கா அழவில்லை. பெட்டிகளைத் தூக்கி ஏற்றுவதிலேயே கவனமாக இருந்தாள். வண்டி அசையும்போது பெரியம்மா ஜன்னலால் கையை நீட்டி, "தை மாசத்துக்குள்ள வந்துடு," என்றார், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரச் சொல்வதுபோல.

மனு அறை அக்காவின் அறையானது. அப்பா கட்டிலிலிருந்த காகிதங்களை எல்லாம் எடுத்துக் கட்டி அலுமாரியின் மேல் போட்டார். "கட்டில்ல படும்மா. இது உன் ரூம்," என்றார். அவள் தலையாட்டினாள். மறுநாள் காலை பார்த்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் பாய். கடைசிவரை அப்படித்தான். கண்ணாடியின் இரண்டு பக்கங்களையும் உள்ளே மடக்கி வைத்துவிட்டாள். "மூணு பேர் என்னைப் பார்க்குற மாதிரி இருக்கு பாப்பா." அலுமாரியில் ஒரு துணிகூட வைக்கவில்லை. தகரப் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுப்பாள், துவைத்துக் காயவைத்து அதிலேயே மடித்து வைப்பாள். நாளைக்கே புறப்படச் சொன்னாலும் புறப்படலாம்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீலகிரியிலிருந்து கடிதம் வந்தால் நான் வாசிப்பேன். பெரியம்மா யாரிடமோ சொல்லி எழுதியிருப்பார்: குளிர் இங்கேயும் அதே குளிர், தேயிலையும் அதே தேயிலை, தங்கச்சி இரண்டு விரல் உயர்ந்துவிட்டாள். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எப்போது வருகிறாய் என்று இருக்கும்.

ஒரு வருடம் போன பிறகு அக்காவின் மனுவுக்குப் பிறப்பு அத்தாட்சி கேட்டுக் கடிதம் வந்தது. அப்பா கடையில் லீவு போட்டுப் பிறப்புப் பதிவேடுகளைத் தேடினார். தோட்டத்துப் பிறப்பு எங்கே பதியப்பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். ரொட்டி சுடும் பாண் கடையில் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். "கிடைச்சிருச்சு! பேரு போடல, 'பெண்'னு மட்டும் இருக்கு. ஆனா அண்ணன் பேரு, அண்ணி பேரு, தோட்டம், எல்லாம் சரி." கண்ணாடி மேசையில் வைத்து நகலை மீண்டும் வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் தேதியில் நின்றுவிட்டார். அலுமாரிக் கதவைப் பார்த்தார். அட்டவணை இன்னும் அங்கே தொங்கியது. நீலக் கோடுகளுக்குக் கீழே சிவப்பு எண்கள் நன்றாகவே தெரிந்தன. அதே வருடம். ஆடி மாதம்.

கேட்டது அந்த அத்தாட்சி. அனுப்பாமல் இருக்க முடியாது. அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மனு எழுதிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பதில் புரட்டாதியில் வந்தது. அப்பா அதை எங்கள் முன் வாசித்தது போயா அன்று, ஆனால் கடிதம் முதல் நாளே வந்து அப்பாவின் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அறை வாசலில் நின்று ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, போதுமான அளவு ஆங்கிலம் தெரியும். மனுச் செய்த நாளில் இவர் பதினெட்டு வயது நிறையாதவர். தந்தையின் மனுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டியவர். ஆகையால் இவருடைய தனி மனு செல்லாது. தந்தையின் மனு ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது.

"என்னா சித்தப்பா எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

அப்பா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "வரும்னு எழுதியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் வெளியே போன பிறகு அக்கா கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீ ஒருக்கா வாசி பாப்பா."

நான் காகிதத்தைப் பார்த்தபடி, "கொஞ்ச நாள் ஆகுமாம் அக்கா," என்றேன்.

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். நான்கு நாள் கழித்து, நான் பள்ளியிலிருந்து வந்ததும், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது என்றாள். பாயில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சுகம் விசாரித்தாள். சித்தியின் இருமலைச் சொன்னாள். பிறகு, "தங்கச்சியைக் கேட்டு யாராச்சும் வந்தா, மூத்தவ இருக்கான்னு சொல்லித் திருப்பி அனுப்ப வேணாம். அவளுக்கு முடிச்சிடச் சொல்லு," என்றாள்.

"நீங்கதான் போகப் போறீங்களே அக்கா."

"எழுது பாப்பா."

எழுதினேன். அதற்கு நேரடியான பதில் வரவேயில்லை. வழமையான கடிதங்கள் இரண்டு வந்தன. அவற்றில் எப்போது வருகிறாய் என்ற வரி இல்லை. எழுதியவர் மறந்திருக்கலாம் என்று அம்மா சொன்னார். மூன்று வருடம் கழித்து ஒரு நாள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை வந்தது. அப்பா கடையில் இருந்தார். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்தாள். "சத்தமா வாசி."

ஊர், கோவில், பெரியவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். பெரியப்பாவின் பெயருக்குக் கீழே தங்கச்சியின் பெயர் வந்தது. அதற்கு முன்னால் அச்சடித்திருந்த இரண்டு சொற்களில் என் குரல் தடுக்கியது. "ஜேஷ்ட குமாரத்தி".

"அப்டின்னா?"

இந்த முறை என்னால் முடியவில்லை. "மூத்த மகள்," என்றேன்.

அக்கா பத்திரிகையை வாங்கி, நான் விரல் வைத்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரியாத்தானே போட்டிருக்காங்க," என்றாள். "அங்க அவதானே மூத்தவ."

பிறகு முகூர்த்தம் என்றைக்கு என்று கேட்டாள். பார்த்தேன். கல்யாணம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.